பழுகாமத்துக்கு ஊசி வந்த வழி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பார்கள், கிழக்குக் கரையை எழுவான்கரை என்பார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போரதீவுப் பக்கம் போனால் பழுகாமம் வரும். வாவியும் வயலும் திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்புமாக அறியப்பட்ட ஊர். இங்கே பிறக்கும் ஒரு பிள்ளையின் தொடையில் ஏறும் ஊசிக்கும், இலண்டனிலோ தோக்கியோவிலோ ஒஸ்லோவிலோ பங்குகளும் பிணைமுறிகளும் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் தொடுப்பு உண்டு என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் அந்தத் தொடுப்பு மிக நெருங்கிவிட்டது. அதைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய தடுப்பூசியின் கதையைச் சொல்ல முடியாது.

முதலில் பழைய காலம். மட்டக்களப்புத் தமிழர் வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மனுக்குக் குளுர்த்தி செய்வார்கள். வெயிலும் வெக்கை நோயும் ஊரைப் பிடிக்கும் காலத்தில் அம்மனைக் குளிரச் செய்யும் சடங்கு அது. வீட்டில் ஒருவருக்கு அம்மாள் என்னும் அம்மை நோய் கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், மச்சம் சமைக்கமாட்டார்கள், நோயாளியைத் தனியாகக் கிடத்துவார்கள். அந்த மக்களிடம் இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். அதில் நோயாளியை ஒதுக்கி வைக்கும் நல்ல பழக்கமும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இலங்கைக்குப் பெரியம்மைப் பால் குத்தும் முறை 1802-இலேயே வந்துவிட்டது. 1886-இல் அதற்கென்று ஒரு சட்டமே பிறந்தது. ஆனால் சட்டம் கொழும்பில் பிறந்ததும் ஊசி படுவான்கரைக்கு வந்ததும் ஒரே நாளில் நடந்தவை அல்ல.

எங்கள் பாட்டிமாருக்கு நோய்களின் பெயர்கள் எல்லாம் வாயிலேயே இருந்தன: குக்கல், தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, சின்னமுத்து, கூகைக்கட்டு, இளம்பிள்ளை வாதம். எந்தப் பிள்ளை எந்த வருடம் எதில் போனது என்று வரிசை தப்பாமல் சொல்லக்கூடிய தலைமுறை அது. இன்றைய தாய்மாருக்கு அந்தப் பெயர்கள் கிளினிக் அட்டையில் உள்ள கட்டங்கள் மாத்திரமே. ஊரின் மாற்றத்தை ஒரு வரியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அந்த மாற்றத்துக்கு ஓர் ஆண்டைக் குறிக்க வேண்டுமென்றால் அது 1978. விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் இலங்கையில் தொடங்கியது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டு நவம்பர் 23-இல்தான் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. தென்னையும் கூரையும் போன ஊர்களில் சுகாதார சேவையை மீண்டும் எழுப்பியவர்கள் அடிமட்ட ஊழியர்கள். ஊர்க்காரர் 'மிஸ்' என்று கூப்பிடும் குடும்பநல மருத்துவமாதுவும், பி.எச்.ஐ. என்று அறியப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அவர்களில் முக்கியமானவர்கள். பி.சி.ஜி. ஊசி நாட்டுக்கு வந்தது 1949-இல். குக்கல், ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் மூன்றுக்குமான முத்தடுப்பூசி 1961-இல். போலியோச் சொட்டு 1962-இல். சின்னமுத்து ஊசி 1984-இல். இவை ஒவ்வொன்றும் வாவியைத் தாண்டி மெல்ல மெல்லத்தான் மேற்குக் கரைக்கு வந்தன.

பிறகு போர் வந்தது. படுவான்கரை நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரச சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருபக்கச் சோதனைச்சாவடிகளையும் கடந்து வேலைக்குப் போய் வந்தார்கள். தடுப்பூசியின் எதிரி வெப்பம். பெரும்பாலான ஊசிமருந்தை இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். மட்டக்களப்பின் சித்திரை வெயிலில், மின்சாரம் சரியாக எட்டாத கரையில், பனிக்கட்டிப் பொதிகள் அடுக்கிய நீலப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவது என்பது மணியோடு போட்டியிடும் வேலை. சோதனைச்சாவடியில் அரை மணி நேரம் கூடிவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் மருந்து கெட்டுவிடலாம்.

அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி வந்தது. போலியோச் சொட்டுக் குப்பியின் மேல் சின்ன ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வெளிறிய ஒரு சதுரம். குப்பி வெக்கைபடப் படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. 1996 முதல் உலகெங்கும் போலியோச் சொட்டோடு வந்த இந்தச் சின்னத் தாள், ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் ஒரு மருத்துவமாதுவின் கையில் ஆய்வுகூடத்தைக் கொடுத்தது. ஏழை ஊருக்குப் போகும் மருந்துக்காக யோசித்துச் செய்த பொருள் எவ்வளவு எளிமையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1995 முதல் தேசிய போலியோத் தடுப்பு நாட்கள் நடந்தன. போர் நடந்துகொண்டிருந்தபோதே அந்த நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. யுனிசெஃபும் ரொட்டரிச் சங்கத்தாரும் அதற்காக நடந்தார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993-இல் பதிவானவர். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ இல்லாப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. வயல் வேலைக்குப் போகும் அவசரத்திலும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூட மண்டபத்து வரிசையில் நின்ற தாய்மார் இல்லாமல் அந்த அறிவிப்பு வந்திருக்காது.

இதுவரை சொன்ன கதையில் முதலீட்டாளர் யாரும் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய தடுப்பூசிகள் மலிவானவை. காப்புரிமைக் காலம் முடிந்தவை, பல நாடுகளில் பலர் தயாரித்தவை. அரசும் யுனிசெஃபும் சேர்ந்தால் வாங்கிக்கொள்ளக் கூடிய விலைதான். ஆனால் எண்பதுகளுக்குப் பிறகு வந்த ஊசிகள் அப்படி இல்லை. ஈரல் அழற்சி பி, ஹிப், நிமோனியாக் கிருமிக்கான ஊசி, ரோட்டா வைரஸ், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. எல்லாமே பெரும் கம்பனிகள் கோடிக்கணக்கில் பணம் போட்டு உருவாக்கியவை. அந்தப் பணத்தைப் போட்டவர்களுக்கு இலாபம் தேவைப்பட்டது. பணக்கார நாட்டுப் பிள்ளைக்கு அந்த ஊசி கிடைத்துப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் ஏழை நாட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. அந்த இடைவெளியில் செத்த பிள்ளைகளின் கணக்கை எந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையும் எழுதுவதில்லை.

இடைவெளியைக் குறைக்கவென்று 2000-ஆம் ஆண்டில் டாவோஸ் நகரில் காவி எனப்படும் தடுப்பூசிக் கூட்டணி தொடங்கப்பட்டது. பல ஏழை நாடுகளின் தேவையை ஒன்றாகச் சேர்த்து, மொத்தமாகப் பேரம் பேசி, விலையைக் குறைப்பது அதன் வேலை. இலங்கைக்கு அதன் உதவியோடு 2003-இல் ஈரல் அழற்சி பி ஊசி வந்தது.

காவிக்கும் பணம் வேண்டுமே. நன்கொடை அரசுகள் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரும். பிள்ளைகளோ ஆண்டுக்காண்டு காத்திருக்கமாட்டார்கள். இந்த இடத்தில்தான் முதலீட்டாளர் உள்ளே வந்தார். 2006-இல் பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி, நோர்வே, ஸ்பெயின், சுவீடன் ஆகிய நாடுகள் வரும் இருபது ஆண்டுகள் வரையில் இவ்வளவு தருவோம் என்று சட்டப்படி எழுதிக் கொடுத்தன. அந்த எழுத்தை ஈடாக வைத்து இஃபிம் என்ற அமைப்பு சர்வதேசச் சந்தையில் பிணைமுறி விற்றது. எங்கள் பக்கத்து வேளாண்மைக்காரர் கதிர் முற்றும் முன்பே போடியாரிடம் விளைச்சலைச் சொல்லிப் பணம் எடுப்பதைப் போன்ற ஏற்பாடு அது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே கடனை அடைக்கப் போவது வாங்கிய ஏழை அல்ல, வாக்குக் கொடுத்த பணக்கார அரசு. 2006 நவம்பரில் விற்ற முதல் பிணைமுறி 1 பில்லியன் டொலர். அதை வாங்கியவர்களில் பாப்பரசரும் பிரித்தானியாவின் பல மதத் தலைவர்களும் அடையாளமாகச் சேர்ந்தார்கள். பின்னர் ஜப்பானில் சாதாரணச் சேமிப்பாளர்கள் 'தடுப்பூசிப் பிணைமுறி' என்ற பெயரிலேயே வாங்கினார்கள். 2014-இல் வட்டியில்லா இஸ்லாமிய முறையில் 500 மில்லியன் டொலருக்கு சுக்கூக் பத்திரமும் வெளியானது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் வாழும் நம் அயலவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

வாங்கியவர்கள் யாரும் தானம் செய்யவில்லை. அவர்களுக்கு நியாயமான வருமானம் கிடைத்தது, முதலும் திரும்பக் கிடைத்தது. ஆனால் இருபது ஆண்டு கழித்து வரவேண்டிய ஊசி இன்றைக்கே வந்தது. முதலீடு நியாயமாக நடக்க முடியும் என்பதற்கு இது நான் மனமாரப் போற்றும் முன்மாதிரி.

படுவான்கரையின் காலக்கணக்கோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். 2007-இன் முற்பகுதியில் போர் படுவான்கரைக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக் கூடாரங்களில் தஞ்சம் புகுந்தன. பிறகு திரும்பி வந்தபோது கூரை போயிருந்தது, மாடு போயிருந்தது. அப்படித் திரும்பிய குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்கு 2008-இல் நாட்டில் அறிமுகமான ஐந்து நோய்க்கான ஒரே ஊசி வந்து சேர்ந்தது. முன்பு வேறு வேறாகக் குத்திய மருந்துகளும் புதிய ஹிப் மருந்தும் ஒரே குப்பியில். காவியின் பணத்தில் வந்த ஊசி அது. சில குழந்தைகள் அதனால் இறந்ததாகச் சந்தேகம் எழுந்ததால் அதே ஆண்டு சித்திரையளவில் அதை நிறுத்தி வைத்தார்கள். விசாரித்துத் தெளிந்த பிறகு 2010-இல் மீண்டும் தொடங்கினார்கள். சந்தேகம் வந்ததும் நிறுத்தி ஆராய்ந்ததுதான் மக்களின் நம்பிக்கையைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். இலங்கையில் பிள்ளைகளுக்கான தடுப்பூசி இன்றும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போடப்படுகிறது என்றால் அந்த நேர்மைக்கும் அதில் பங்குண்டு.

இனி இன்று.

நாட்டின் சராசரி வருமானம் காவி வைத்த எல்லையைத் தாண்டிவிட்டது. 2015 முடிவோடு உதவி முடிந்தது. 2016 முதல் ஊசிக்கான செலவை நாடே சுமக்க வேண்டும். நாடு முன்னேறியது என்பதற்கான சான்றிதழ் அது, ஒரு வகையில் பெருமையும்தான். ஆனால் சராசரி என்பது கொழும்பையும் பழுகாமத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய கணக்கு. 2012/13 வீட்டு வருமான செலவின ஆய்வில் நாட்டின் வறுமை நூற்றுக்கு 6.7. மட்டக்களப்பு மாவட்டத்தில் 19.4. மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. உலகச் சந்தை இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. மிக ஏழை நாடுகளுக்கு ஒரு விலை, பணக்கார நாடுகளுக்கு ஒரு விலை, நடுவில் நிற்பவர்களுக்குப் பேரம் பேசும் கெட்டித்தனத்தைப் பொறுத்த விலை. நடுத்தர வருமான நாடு என்ற பட்டம் கிடைத்த பல நாடுகள் இந்த நடுப்பள்ளத்தில்தான் விழுந்திருக்கின்றன. நிமோனியா ஊசியும் ரோட்டா மருந்தும் இங்கே நெடுங்காலம் காசு கொடுத்துத் தனியார் வைத்தியசாலையில் போடுபவையாகவே இருந்தன. அங்கே ஒரு வேளை மருந்துக்குக் கேட்கும் பணத்தைக் கூலி வேலைக்குப் போகும் தகப்பன் பல நாள் உழைத்தாலும் சேர்க்க முடியாது. 2017-இல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. ஊசி போடத் தொடங்கியது மட்டும் ஓர் ஆறுதல்.

பெரிய பரீட்சை 2021-இல் வந்தது. ஜனவரி 28-இல் இந்தியா நன்கொடையாக அனுப்பிய 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் இலங்கையில் இறங்கின, மறுநாளே போடத் தொடங்கினார்கள். புனேயின் சீரம் நிறுவனத்திடமிருந்து அரசு மேலும் 5 இலட்சத்தை ஊசி ஒன்று 5.25 டொலருக்கு வாங்கியது. மார்ச் 7-இல் கொவாக்ஸ் என்ற உலகத் திட்டத்தின் வழியாக 264,000 வந்தன. அதோடு கதவு மூடியது. இந்தியாவில் இரண்டாம் அலை எரிந்தது, ஏற்றுமதி நின்றது. இலங்கையில் முதல் ஊசி போட்டுக்கொண்ட ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவதுக்கு வழியில்லாமல் காத்திருந்தார்கள். பல மாதம் கழித்து ஜப்பான் கொவாக்ஸ் மூலம் தந்த அஸ்ட்ராசெனெகாவில்தான் அந்தக் கடன் தீர்ந்தது.

உலகம் முழுவதற்கும் நியாயமாகப் பங்கிடவென்று உருவாக்கிய கொவாக்ஸ், 2021 முடிவுக்குள் 200 கோடி ஊசி என்று இலக்கு வைத்தது. 100 கோடியாவது ஊசியை அனுப்பியது 2022 ஜனவரி நடுவில். பணக்கார நாடுகள் முன்பணம் கட்டித் தங்கள் சனத்தொகையைவிடப் பல மடங்கு ஊசியை ஒதுக்கிக்கொண்டதும், கொவாக்ஸ் ஒரே தயாரிப்பாளரை அதிகம் நம்பியதும் அதற்குக் காரணம். நம் ஊர்ப் பக்கத்துக்குப் பெரும்பாலும் வந்தது சீனத்துச் சினோபாம், அதுவும் அந்த ஆண்டின் நடுப்பகுதியில். ஊசி ஒன்றுக்கு 15 டொலர் என்று இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, பங்களாதேஷ் 10 டொலருக்கு வாங்குகிறது என்ற செய்தி பரவிப் பெரிய வாக்குவாதம் எழுந்தது. ஒரே மருந்துக்கு இரண்டு ஏழை நாடுகள் இரண்டு விலை கொடுக்கின்றன. ஒப்பந்தத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. இரகசிய விலை என்ற ஒன்றைப் பொதுச் சுகாதாரத்தில் அனுமதிக்கவே கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த நாட்களில் பாடசாலை மண்டபத்து வரிசைகளில் வயதானவர்கள் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் காதில் நிற்கிறது. "இது எந்த நாட்டு ஊசி மகள்?" என்று ஒரு அம்மம்மா கேட்பார். "சீனாட, அம்மம்மா" என்பாள் ஊசி போடும் பிள்ளை. "லண்டன்ல இருக்கிற என்ட மகனுக்கு வேற ஊசியாமே?" அதற்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது. சினோபாமும் உயிரைக் காத்த ஊசிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஊசி பிரிந்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் ஒஸ்லோவிலும் நியூயோர்க்கிலும் இருந்தது.

பைசர் கம்பனிக்குக் கொவிட் ஊசியால் மட்டும் 2021-இல் 36 பில்லியன் டொலருக்கு மேல் வருமானம் வந்தது. அமெரிக்க மக்களின் வரிப்பணத்தைப் பெருமளவு வாங்கி ஊசி செய்த மொடேர்னா அதே ஆண்டு 12 பில்லியன் டொலர் நிகர இலாபம் காட்டியது. இந்தப் பணத்துக்கு உரிமையாளர் யார்? பங்குதாரர்கள். அவர்களில் சிலர் வாய் திறந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரி தொடக்கத்தில், மொத்தம் 3.5 டிரில்லியன் டொலரை நிர்வகிக்கும் 65 நிறுவன முதலீட்டாளர்கள் பைசர், மொடேர்னா, ஜோன்சன் அண்ட் ஜோன்சன், அஸ்ட்ராசெனெகா ஆகிய கம்பனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். உலகம் முழுவதும் ஊசி போய்ச் சேர்வதைக் கம்பனித் தலைவர்களின் சம்பளத்தோடு கட்டுங்கள் என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பைசர், மொடேர்னா பங்குதாரர் கூட்டங்களில், ஏழை நாட்டுத் தயாரிப்பாளர்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடுக்க முடியுமா என்று ஆராயும்படி ஒக்ஸ்ஃபாம் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு கிடைத்தது. தீர்மானம் தோற்றது. ஆனால் நான்கில் ஒன்று என்பது வழிப்போக்கர் கூச்சல் அல்ல, கம்பனிக்குச் சொந்தக்காரர்களின் குரல்.

கெட்ட முன்மாதிரியும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. உலக வங்கி 2017-இல் பெருந்தொற்றுப் பிணைமுறி என்று 320 மில்லியன் டொலருக்கு விற்றது. தொற்று வந்தால் முதலீட்டாளரின் பணம் ஏழை நாடுகளுக்குப் போகும், வராவிட்டால் அவர்களுக்குக் கொழுத்த வட்டி. கொங்கோவில் எபோலா இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று அந்தப் பிணைமுறி ஒரு சதமும் தரவில்லை. கொவிட்டுக்கு அந்தத் திட்டம் ஏறத்தாழ 196 மில்லியன் டொலர் தந்தது, அதுவும் உலகமே பூட்டிக் கிடந்த 2020 ஏப்ரலில். மரணங்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கொடுக்கும் ஏற்பாடு நோய்த்தடுப்புக்கு எதிரானது. பிள்ளை பிறக்கும் முன்பே பணம் கொடுத்த 2006 பிணைமுறிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வைத்தே முதலீட்டின் நியாயத்தை அளக்கலாம்.

மீண்டும் 2022 ஜனவரிக்கு வருகிறேன். அந்த 65 முதலீட்டாளர்களின் கடிதம் வெளியான அதே மாதம், 18-ஆம் திகதி, இலங்கை அரசு முதிர்ச்சியடைந்த ஒரு சர்வதேசப் பிணைமுறிக்காக 500 மில்லியன் டொலரை முழுதாகச் செலுத்தியது. கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது. எரிபொருளுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மருந்துக்கு டொலர் இல்லை என்ற முணுமுணுப்பு வைத்தியசாலைகளில் தொடங்கியிருந்தது. முந்தைய ஆண்டு ஊசிக்காக உலக வங்கி முதலில் தந்த கடன் 80.5 மில்லியன் டொலர். அதைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட பணம் ஒரே நாளில் முதலீட்டாளர்களின் கையில் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12-இல், இனிக் கடன் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. ஜூலையில் முதிர வேண்டிய 1 பில்லியன் டொலர் பிணைமுறியில் கால் பில்லியனுக்கு மேல் வைத்திருந்த ஒரு வங்கி நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

பழுகாமத்தில் அந்த மாதங்கள் எப்படி இருந்தன? நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் வாவியில் தோணி ஓடவில்லை. பசளை இல்லாமல் வேளாண்மை சரிந்தது. மருத்துவமாது ஸ்கூட்டருக்குப் பெற்றோல் தேடி அலைந்தார். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அந்த நாட்களில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையாகியது. அப்படியும் கிளினிக் நின்றுபோகவில்லை. ஆனால் ஓட்டை விழத்தான் செய்தது. 2019-இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று சான்று பெற்ற இலங்கையில் 2023-இல் அந்த நோய் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் கைக்குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டி வந்தது. கொவிட் காலத்தில் தவறிய பிள்ளைகளும், பணமில்லாக் காலத்தில் தவறிய பிள்ளைகளும் சேர்ந்து விட்ட இடைவெளி அது.

நியாயமான தடுப்பூசிக்கு முதலீட்டாளரின் பங்கு என்ன என்று கேட்பவர்கள் மருந்துக் கம்பனியின் பங்குதாரரை மட்டுமே பார்க்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் இருவர் தெரிகிறார்கள். ஊசியின் விலையை வைப்பவர் ஒருவர். அந்த விலையைக் கொடுக்க வேண்டிய அரசின் கையைக் கட்டி வைத்திருப்பவர் இன்னொருவர். பல வேளைகளில் இருவரும் ஒரே ஓய்வூதிய நிதியம்தான். ஒரு கையால் நல்ல கடிதம் எழுதிவிட்டு மற்றக் கையால் முழு வட்டியும் கேட்பது நியாயமாகாது.

இந்த ஓய்வூதிய நிதியம் தூரத்தில் உள்ள ஒன்று என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து போனவர்கள் இன்று சூரிச்சில் சமையலறைகளிலும், டொரொன்டோவில் தொழிற்சாலைகளிலும், இலண்டனில் கடைகளிலும், ஒஸ்லோவில் பேருந்துகளிலும் உழைக்கிறார்கள். மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதி உலகப் பங்குச் சந்தைக்குத்தான் போகிறது. நோர்வேயை எடுத்துக்கொள்வோம். 2002 போர்நிறுத்தத்துக்கு நடுநின்ற நாடு. கண்காணிப்புக் குழுவின் அலுவலகம் மட்டக்களப்பு நகரிலும் இருந்தது. அந்த நாட்டின் எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த நிதியம் உலகத்தில் பட்டியலிட்ட கம்பனிப் பங்குகளில் ஏறத்தாழ 1.5 வீதத்தை வைத்திருக்கிறது. பெரும் மருந்துக் கம்பனிகள் எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. அதே நாடு காவிக்கும் 2006 பிணைமுறிக்கும் பணம் கொடுத்தது. ஒஸ்லோவில் வாழும் பழுகாமத்து மகன் ஒருவன் அந்த நிதியத்திடம், நீங்கள் பங்குதாரர் கூட்டத்தில் எப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்கலாம். அந்த நிதியம் தன் வாக்குகளைப் பொதுவில் வெளியிடுகிறது. கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் காசு அனுப்பும் பிள்ளைகள் இந்தக் கேள்வியையும் அனுப்பத் தொடங்க வேண்டும். எந்தக் கம்பனி ஏழை நாடுகளை எப்படி நடத்துகிறது என்று தரப்படுத்தும் மருந்து அணுகல் சுட்டெண் 2008 முதல் நெதர்லாந்திலிருந்து வெளிவருகிறது. கையில் தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவசரம் இருக்கிறது. 2025 ஜூனில் பிரசல்சில் காவிக்காக நடந்த நிதி மாநாட்டில் 11.9 பில்லியன் டொலர் இலக்கு வைத்து 9 பில்லியனுக்குச் சற்று மேல்தான் திரட்ட முடிந்தது. அமெரிக்கா தன் பங்கைத் தரமாட்டேன் என்றது. அரசுகள் பின்வாங்கும் இடத்தில் தனியார் பணத்தின் பொறுப்பு கூடுகிறது, அதன் அதிகாரமும் கூடுகிறது. கூடும் அதிகாரத்துக்கு நிபந்தனை எழுதுவது நம்மைப் போன்ற நாடுகளின் வேலை.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2024 டிசம்பரில் இலங்கை தன் 12.5 பில்லியன் டொலர் அளவிலான சர்வதேசப் பிணைமுறிகளை மறுசீரமைத்தது. புதிய பத்திரங்களில் சிலவற்றின் கொடுப்பனவு நாட்டின் பொருளாதார வளர்ச்சியோடு கட்டப்பட்டிருக்கிறது. வளர்ச்சி கூடினால் முதலீட்டாளருக்குக் கூடுதல் பணம். ஒரு பத்திரத்தில் ஆட்சிமுறை இலக்குகளை நாடு எட்டினால் வட்டி குறையும். ஆக, நிபந்தனையோடு வட்டி என்பது முதலீட்டாளர்களே ஏற்றுக்கொண்ட கொள்கை. அதே பத்திரத்தில், பிள்ளைகளின் தடுப்பூசி வீதத்தை இந்த அளவில் வைத்திருந்தால் வட்டி குறையும், நிமோனியா ஊசியை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தால் இன்னும் குறையும், கொள்ளைநோய் வந்தால் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று எழுதுவதற்கு எது தடை? அடுத்த முறை கொழும்பு கடன்காரரோடு மேசையில் அமரும்போது இந்த மூன்றையும் முதல் வரியில் கேட்க வேண்டும். நிறைவேற்றியதை நிரூபிக்கத் தனியாக ஒரு தணிக்கைக் கம்பனி தேவையில்லை. எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உட்பட நாட்டின் ஒவ்வொரு பணிமனையும் எத்தனை பிள்ளைக்கு எந்த ஊசி என்ற கணக்கை எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.